இன்ஜின்ல உக்காந்திருக்கிறதும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்

(செட்டியார்பட்டியில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது உறுப்பினர் ஒருவர் பேசியது. அவர் பேசிய விதத்தை அதிகம் மாற்றாமல் இங்கே தந்திருக்கிறோம்.)



இன்றைக்கு ரயில்வே கேட் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "நம்ம ஊருக்குள்ள ரயிலே வரலையே, நமக்கு எதுக்கு இது?"ன்னு பின் வரிசையில ஒரு மதினி கேட்டாங்க. நியாயமான கேள்விதான். நம்ம ஊர் தென்காசி ரோட்டுப் பக்கம் இருக்கு, தண்டவாளம் கிழக்க கிடக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. நம்ம பிள்ளைகள் ஸ்கூல் வேன்ல போகுது. நம்மள்ல பாதிப் பேர் ஷிப்டுக்கு மில் வேன்ல போறோம். தளவாய்புரத்துல தைச்ச நைட்டிக் கட்டை ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போறவங்க இருக்காங்க. ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில், ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்னு வேன் பிடிச்சுப் போறோம். கிழக்க போகணும்னா எங்கயாவது ஒரு இடத்துல தண்டவாளத்தைத் தாண்டித்தான் ஆகணும்.

என்னை ஏன் பேசச் சொன்னாங்கன்னா, என் கூடப்பிறந்த தம்பி ரயில் டிரைவர். இப்போ அதுக்கு லோகோ பைலட்னு பேரு. வெளியூர்ல வேலை பார்க்கான். அவன் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டது பாதி, பேப்பர்ல படிச்சது பாதி.

முதலில் கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலர் டிவியில் பார்த்திருப்பீர்கள். 2025 ஜூலை 8-ம் தேதி, காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். விழுப்புரத்தில் இருந்து மயிலாடுதுறை போகும் பாசஞ்சர் ரயில், கேட்டைக் கடந்துகொண்டிருந்த பள்ளி வேன் மீது மோதியது. மூன்று பிள்ளைகள் இறந்து போனார்கள். அதில் இரண்டு பேர் ஒரே வீட்டு அக்கா, தம்பி. காலையில தலை சீவி, டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பின பிள்ளைக.

அந்த இடம் ஆளில்லாத கேட் இல்லை. அங்கே கேட் இருந்தது, கேட் கீப்பரும் இருந்தார். ஆனால் ரயில் வரும்போது கேட் மூடியிருக்கவில்லை. கேட் கீப்பரை போலீஸ் கைது செய்தது.

இது எப்படி நடக்கும் என்று புரிய, கேட் வேலை செய்கிற விதம் தெரிய வேண்டும். இரண்டு வகை கேட் இருக்கிறது. ஒன்றை இன்டர்லாக் கேட் என்கிறார்கள். அதில் கேட்டை முழுசாக மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்கு சிக்னல் விழும். கேட் திறந்திருந்தால் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். இன்னொரு வகையில் கேட்டுக்கும் சிக்னலுக்கும் தொடர்பே கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கேட் கீப்பரிடம் ரயில் வருகிறது என்று சொல்வார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு ஒரு ரகசிய நம்பரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதை எழுதி வைத்துக்கொண்டு ரயிலை விடுவார்கள். செம்மங்குப்பம் கேட் இந்த இரண்டாம் வகை. ஒரு மனுசனோட வாய் வார்த்தையை நம்பித்தான் ரயில் ஓடுது. அந்த விபத்துக்கு அப்புறம் எல்லா கேட்டிலும் கேமரா வைக்கவும், இன்னும் நிறைய கேட்டுகளை இன்டர்லாக் ஆக்கவும் ரயில்வே அமைச்சகம் உத்தரவு போட்டது.

அதனால நான் முதல்ல சொல்ல வர்றது இதுதான். மூடின கேட்டுக்குள்ள குனிஞ்சு போகக்கூடாதுன்னு நமக்குத் தெரியும். தெரிஞ்சும் போறோம், அது வேற. ஆனா திறந்த கேட்டையும் நம்பிப் போகக்கூடாது. கேட் திறந்திருந்தாலும் வேன் ஒரு நிமிஷம் நிக்கணும், பாட்டை நிறுத்தணும், கண்ணாடியை இறக்கணும், ரெண்டு பக்கமும் பார்க்கணும். 2018 ஏப்ரல் 26-ல் உத்தரப் பிரதேசம் குஷிநகரில் ஆளில்லாத கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 பிள்ளைகள் இறந்தார்கள். வேன் டிரைவர் காதில் இயர்போன் மாட்டியிருந்தார் என்று அப்போது செய்தி வந்தது. 2019 ஜனவரியோடு அகலப் பாதையில் ஆளில்லாத கேட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். ஆளில்லா கேட் போயிருச்சு, காதுல இயர்போன் மாட்டுறது போகலையே.

இலங்கையில் 2005 ஏப்ரல் மாதம் பொல்கஹவெல பக்கம் ஒரு பஸ், மூடிய கேட்டைத் தாண்டிப் போகப் பார்த்து ரயிலில் மாட்டி 35-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்னொரு பஸ்சோடு போட்டி போட்டுக்கொண்டு வந்த பஸ் அது. நம்ம மினி பஸ்காரங்க போடாத போட்டியா?

இப்போ ரயில் பக்கம் வருவோம். "அம்புட்டு தூரத்துல இருந்து பாக்கான்ல, பிரேக் போட வேண்டியதுதான?"ன்னு எல்லாரும் கேப்போம். நானும் என் தம்பிகிட்ட கேட்டேன். அவன் கணக்குச் சொன்னான். ரயில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஒரு கிலோமீட்டரை 36 செகண்டில் தாண்டும். ஒரு குடம் தண்ணி நிறையிற நேரம் கூடக் கிடையாது. 20 பெட்டிக்கு மேல் உள்ள ரயில், இன்ஜினோடு சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் டன் எடை. இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு ரூபாய்க் காசு அகலம்தான். லாரி டயர் மாதிரி ரோட்டைப் பிடித்து நிற்காது. அவசர பிரேக்கை முழுசாகப் போட்டாலும் ரயில் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆகும். ராத்திரியில் இன்ஜின் விளக்கு வெளிச்சத்தில் ஒரு ஆள் கண்ணுக்குத் தெரிவதே சில நூறு மீட்டருக்குள்தான். அதாவது, ஆளைப் பார்த்து பிரேக் போட்டாலும், ரயில் அந்த ஆளைத் தாண்டித்தான் நிற்கும். ஒடிச்சுத் திருப்ப ஸ்டியரிங்கும் கிடையாது.

இன்னொன்றும் சொன்னான். தூரத்தில் வரும் பெரிய பொருள் மெதுவாக வருவது போலத்தான் கண்ணுக்குத் தெரியும். வானத்துல ஏரோப்ளேன் ஊர்ந்து போற மாதிரி தெரியுதுல்ல, அது மாதிரி. "இந்தா வந்துருவேன்"னு நாம கணக்குப் போடுறது அதனாலதான் தப்பாப் போகுது. நம்ம பெரியம்மாக்களுக்கு அந்தக் கால மீட்டர்கேஜ் வண்டி ஞாபகம் இருக்கும். ஆடி அசைஞ்சு வரும். விருதுநகர் - தென்காசிப் பாதையை 2004-ல் அகலப் பாதையாக மாற்றினார்கள். அதற்குப் பிறகு டீசல் வண்டி வேகமாக வந்தது. இப்போது மின்சார இன்ஜின் ஓடுகிறது. டீசல் இன்ஜின் சத்தம் தூரத்தில் இருந்தே கேட்கும், இது பக்கத்தில் வரும் வரைக்கும் அந்த அளவுக்குச் சத்தம் வராது. பழைய ஞாபகத்துல காதை நம்பி நடந்தா முடிஞ்சது கதை.

கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் ஒரு மஞ்சள் பலகை நட்டிருப்பார்கள். அது வந்ததும் டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பிப்பார், கேட் தாண்டும் வரை அடிப்பார். ராத்திரி படுத்திருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டு "ஏன் இப்படி ஊளையிடுறான்"னு நாம திட்டுவோம். அவன் நமக்காகத்தான் அடிக்கிறான்.

இனி என் தம்பி கதை. அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

சில வருஷத்துக்கு முன்னால, சாயங்காலம், நல்ல வெளிச்சம். கேட் மூடியிருக்கு. ரெண்டு பக்கமும் வண்டி நிக்கு. ஒரு பொம்பளை தலையில புல்லுக்கட்டோட கேட்டுக்குக் கீழ குனிஞ்சு உள்ள வந்துட்டா. புல்லுக்கட்டு தலையில இருந்தா பக்கவாட்டுல என்ன தெரியும்? காதையும் பாதி மூடிக்கிடும். நாம சுமக்காத புல்லுக்கட்டா? இவன் ஹாரனை அழுத்திப் பிடிச்சிருக்கான், பிரேக்கைப் போட்டுட்டான். இனி அவன் கையில ஒண்ணும் இல்ல. சும்மா உக்காந்து பார்க்கணும். வண்டி தாண்டிப் போய் ரொம்பத் தள்ளித்தான் நின்னுச்சு.

அப்புறம் என்ன செய்யணும்னு எல்லாத்துக்கும் முறை இருக்கு. கார்டுக்கு வாக்கி-டாக்கியில சொல்லணும். உதவி டிரைவர் இறங்கிப் போய்ப் பார்க்கணும். இன்ஜினுக்கு அடியில எதுவும் சேதம் இருக்கான்னு பார்க்கணும். அடுத்த ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கணும். ஆயிரம் பேர் வண்டிக்குள்ள இருக்காங்க, அவங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். ஒரு ஸ்டேஷன்ல ஒரு ஆள் இன்ஜின்கிட்ட வந்து, "ஏன் சார் ஒரு மணி நேரம் லேட்டு? தூங்கிட்டீங்களா?"ன்னு கேட்டாராம். இவன் பதில் சொல்லலையாம்.

அந்த வருஷம் தீபாவளிக்கு வந்தான். கறி எடுத்துச் சமைச்சோம், தட்டைத் தள்ளி வச்சிட்டான். அவன் பொண்டாட்டி மஞ்சச் சேலை கட்டிட்டு வந்து நின்னா, இவன் எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டான். எனக்கு ஒண்ணும் விளங்கல. ராத்திரி திண்ணையில வச்சுத்தான் சொன்னான். "அக்கா, அவ மஞ்சச் சேலை. கடைசியா ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தா. நான் ஓடக் கூட முடியாம உக்காந்திருந்தேன்." அவ பேரு, வயசு, ரெண்டு பிள்ளைகன்னு எல்லாம் விசாரணையில அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. இப்பவும் புல்லுக்கட்டு சுமந்து போற பொம்பளையைப் பார்த்தா அவனுக்குக் கை நடுங்கும். அந்தக் கேட் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தாண்டுறானாம். மாசத்துல பத்துத் தடவையாவது அதே கேட்டைத் தாண்டணும்.

அவன் தப்பு எதுவும் இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. காகிதத்துல எழுதினா மனசு கேட்குமா?

இங்கிலாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் இந்த மாதிரி நடந்தால் அந்த டிரைவரை இறக்கிவிட்டு, வேறு டிரைவரை அனுப்பி வண்டியை எடுப்பார்கள். பிறகு அவருக்கு லீவு கொடுத்து, மனநல ஆலோசகரிடம் பேச வைப்பார்கள். அது ஒரு காயம் என்று அங்கே ஒத்துக்கொள்கிறார்கள். கை ஒடிஞ்சா கட்டுப் போடுறோம், இதுக்கும் கட்டு வேணும். எல்லா ஊர் டிரைவருக்கும் அது முறையாகக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்து ஒரு விஷயம். சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். தண்டவாளத்துக்குத் தெரியாம வந்தவங்க கொஞ்சம் பேர், மனசு ஒடிஞ்சு வந்தவங்களும் இருக்காங்க. கடன், வீட்டுக்காரர் குடி, பரீட்சை மார்க்குன்னு ஏதோ ஒண்ணு. குழுவுல இருக்கிற நாம இதைப் பேசாம வேற யார் பேசுறது? தவணை கட்ட முடியாத வாரம் ஒரு பொம்பளை கூட்டத்துக்கு வராம இருந்தா, அவ வீட்டு வாசல்ல போய்ச் சத்தம் போடுறது குழுவோட வேலை இல்ல. உள்ள போய் "என்னத்தா, சாப்பிட்டியா?"ன்னு கேக்கிறதுதான் வேலை. தவணையை ஒரு மாசம் தள்ளி வைக்கலாம், தீர்மானம் போட்டு வேற வழி பார்க்கலாம், அதுக்குத்தான் குழு. மனசு தாங்க முடியலைன்னா 104-க்குப் போன் பண்ணலாம். 14416-ம் இருக்கு, டெலி மானஸ்னு பேரு, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது. வீட்டுல அடி உதைன்னா 181. இந்த மூணு நம்பரையும் ஒவ்வொரு குழுவும் வரவு செலவு நோட்டு அட்டையில எழுதி வச்சிடுங்க.

ரயிலை நிறுத்த நம்மளால முடியாதுன்னு நினைக்காதீங்க. நம்ம பக்கத்துலயே நடந்திருக்கு. 2024 பிப்ரவரி 25, நடுராத்திரி தாண்டின நேரம். தென்காசி மாவட்டம் புளியரையில் கேரளாவில் இருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி, மேலே ரோட்டில் இருந்து உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. லாரி டிரைவர் இறந்து போனார். சத்தம் கேட்டு, பக்கத்தில் குடியிருந்த வயதான புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் எழுந்து வந்தார்கள். ரயில் வரும் சத்தம் கேட்டதும், அந்த வயதில், இருட்டில், கையில் டார்ச் லைட்டோடு தண்டவாளம் ஓரமாக ஓடி லைட்டை ஆட்டி நிறுத்தினார்கள். ரயில் நின்றது. முதலமைச்சர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். உத்தரப் பிரதேசம் ஏட்டா மாவட்டத்தில் 2022-ல் ஒரு பெண், தண்டவாளம் உடைந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தன் சிவப்புச் சேலையைக் காட்டி ரயிலை நிறுத்தினார்.

இதுக்கு ரயில்வே விதியிலயே இடம் இருக்கு. பகலில் சிவப்புத் துணியைக் காட்டினால் நிறுத்து என்று அர்த்தம். சிவப்பு இல்லாவிட்டால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாலும் அதே அர்த்தம். ராத்திரியில் சிவப்பு லைட் இல்லாவிட்டால், வெள்ளை லைட்டை வேகமாக ஆட்டினால் போதும். செல்போன் டார்ச்சு எல்லார் கையிலயும் இருக்கு. வேன் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டால் முதலில் ஆட்களை இறக்குங்கள், சாமான் போனால் போகட்டும். கேட் கீப்பரிடம் சொல்லுங்கள். அவர் கையில் கொடி, லைட்டோடு ஒரு வகை வெடியும் இருக்கும். 600 மீட்டர் தள்ளி ஒன்று, 1200 மீட்டர் தள்ளி மூன்று என்று தண்டவாளத்தில் கட்டி வைப்பார். ரயில் சக்கரம் ஏறினால் வெடிக்கும், அந்தச் சத்தம் கேட்டு டிரைவர் நிறுத்துவார். சிவகாசிக்குப் பக்கத்துல இருக்கிற நமக்கு வெடி புதுசா என்ன, ஆனா இப்படி ஒரு வெடி இருக்கிறது எனக்கே தம்பி சொல்லித்தான் தெரியும். ரயில் எந்தப் பக்கம் இருந்து வருமென்று தெரியாவிட்டால், இரண்டு பக்கமும் ஆள் பிரிந்து ஓட வேண்டும். தண்டவாளத்து மேல ஓடாதீங்க, ஓரமா ஓடுங்க. நம்பர் வேண்டுமென்றால் 139.

நம்ம பக்கம் மட்டும்தான் தப்புன்னும் நான் சொல்லல. கேட்டை எடுத்துட்டு சுரங்கப்பாதை போடுறாங்க, நல்லதுதான். மழை பெஞ்சா அதுல இடுப்பளவு தண்ணி நின்னா ஜனங்க எப்படிப் போகும்? மேல ஏறித் தண்டவாளத்தைத் தாண்டத்தான் செய்யும். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் நின்ற மழைத் தண்ணீரில் கார் மூழ்கி ஒரு பெண் டாக்டர் இறந்து போனார். ஜனங்களைக் குறை சொல்வதற்கு முன்னால் தண்ணீர் போக வழி செய்ய வேண்டும். உங்க பக்கம் தண்ணி நிக்கிற சுரங்கப்பாதை எதுவும் இருந்தா சொல்லுங்க. கூட்டமைப்பு பேர்ல மனு எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல கொடுப்போம். பத்துப் பேர் போனா மனுவைப் படிப்பாங்க.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மூடியிருக்கும் கேட்டை நாமாகத் திறந்தால், 1989 ரயில்வே சட்டம் 160-வது பிரிவின்படி மூன்று வருஷம் வரை ஜெயில். உடைத்தால் ஐந்து வருஷம் வரை. கேட் கீப்பரிடம் சண்டை போட்டு, "அவசரம், திறந்து விடு"ன்னு மிரட்டுறதும் நம்ம பக்கம் நடக்குது. அவர் ஒரு தடவை பயந்து திறந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூல் வேன், மில் வேன் விஷயத்தை இன்னைக்கே முடிவு பண்ணணும்னு கேட்டுக்கிறேன். ஒவ்வொரு குழுவுல இருந்தும் ரெண்டு பேர், நம்ம பிள்ளைக போற வேன் டிரைவர்கிட்ட நேர்ல பேசணும். சண்டைக்குப் போகாதீங்க, "அண்ணே, கேட் திறந்திருந்தாலும் நிறுத்திப் பார்த்துப் போங்க, அஞ்சு நிமிஷம் லேட்டானா நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்"னு சொல்லுங்க. லேட்டானா நாம கத்துறதும் ஒரு காரணம்ல, அதான் அவங்க பறக்காங்க. வேன்ல உதவியாள் இருந்தா கேட்ல இறங்கிப் பார்த்துச் சொல்லணும். பிள்ளைகள்கிட்டயும் கேளுங்க, "டிரைவர் மாமா கேட்ல நிறுத்துறாரா, போன் பேசுறாரா?"ன்னு. பிள்ளைக பொய் சொல்லாது.

செயலாளர் அக்கா தீர்மான நோட்டை எடுத்து வச்சிருக்காங்க. யார் யார் பிள்ளை எந்த வேன்ல போகுதுன்னு குழுவாரியா எழுத ஆரம்பிச்சிடலாம். மில் வேன்ல போறவங்க பேரைக் கடைசியில சேர்த்துக்கிடலாம், ரெண்டாவது ஷிப்டுக்குப் போறவங்க மட்டும் முதல்ல வந்து சொல்லிட்டுக் கிளம்புங்க. அது முடிஞ்சதும் சேமிப்பு வசூல்.